கதிரவெளியின் புள்ளடி எங்கே போகிறது?



இன்றைய பேச்சின் பொருள் தேர்தல். ஆனால் யாருக்கு வாக்களிப்பது என்ற பேச்சு இதில் இல்லை. அதைச் சொல்ல மேடைகள் ஏராளம் உண்டு. வாக்களித்து முடிந்த பிறகு, பெட்டி மூடி முத்திரை வைத்த பிறகு, அந்த வாக்குகளை எடுத்து வைத்துப் படிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அரசியல் அறிவியலாளர்கள் என்று அவர்களைச் சொல்கிறோம். எந்த ஊர் எப்படி வாக்களித்தது, ஏன் அப்படி வாக்களித்தது, அந்த வாக்கு ஆசனமாக மாறியதா, வழியிலேயே கரைந்ததா என்று கேட்பது அவர்கள் வேலை. அந்த வேலையை இலங்கையில் முறையாகச் செய்த முன்னோடிகளில் ஒருவர் தமிழர். அவரைப் பற்றியும், அவர் விட்ட இடத்திலிருந்து, கதிரவெளி அடங்கிய கல்குடாத் தொகுதியை நாம் எப்படிப் படிக்கலாம் என்பது பற்றியும் இந்த உரை.

முதலில் ஒரு வரைபடம். 2024 நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. நாட்டில் 22 தேர்தல் மாவட்டங்கள். அவற்றில் 21 மாவட்டங்களில் அந்தக் கட்சிதான் முதலிடம். காலி, கண்டி, நுவரெலியா எல்லாம் ஒரே நிறம். யாழ்ப்பாணமும் அதே நிறம். வன்னியும் அதே நிறம். தொலைக்காட்சித் திரையில் முழுத் தீவும் ஒரு வண்ணத்தில் மூழ்கியபோது ஒரேயொரு மாவட்டம் மட்டும் தனி நிறத்தில் நின்றது. எந்த மாவட்டம்?

மட்டக்களப்பு.

இங்கே இலங்கைத் தமிழரசுக் கட்சி 96,975 வாக்குகள் பெற்று மூன்று ஆசனங்களை எடுத்தது. தேசிய மக்கள் சக்திக்கு 55,498 வாக்குகள், ஓர் ஆசனம். ஐந்தாவது ஆசனம் முஸ்லிம் காங்கிரசுக்குப் போனது. மறுநாளே விளக்கங்கள் பறந்தன. யாழ்ப்பாணம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுவிட்டது, மட்டக்களப்பு அதைக் காப்பாற்றிவிட்டது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கைதட்டவும் வைத்தது.

ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு என்ன நடந்தது? அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். தமிழ்ப் பொது வேட்பாளராக பா. அரியநேத்திரன் நின்றார். அவர் எந்த ஊர்? இந்த மாவட்டத்து மனிதர். இந்த மாவட்டத்தின் முன்னாள் எம்பி. அவருக்கு யாழ்ப்பாணத்தில் 1 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. சொந்த மாவட்டமான மட்டக்களப்பில் 37 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இங்கே முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு. தமிழ்த் தேசியத்தைக் காத்த மாவட்டம் என்று நவம்பரில் சொன்னவர்கள் செப்டம்பரை எங்கே வைப்பார்கள்? தமிழ்த் தேசியத்தைக் கைவிட்ட மாவட்டம் என்று செப்டம்பரில் சொன்னவர்கள் நவம்பரை எங்கே வைப்பார்கள்?

இந்த இடத்தில்தான் ஆய்வாளர் தேவைப்படுகிறார்.

அல்பிரட் ஜெயரட்ணம் வில்சன். 1928இல் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலின் முதல் பேராசிரியர். எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2000ஆம் ஆண்டு கனடாவிலேயே காலமானார். தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின் மகளை மணந்தவர் என்பதால் பலர் அவரை ஒரு குடும்பத்தின் ஆளாகவே பார்த்தார்கள். அவருடைய நூல்களைப் படித்தவர்களுக்கு வேறொரு வில்சன் தெரிவார்.

1970 மே 27ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலைப் பற்றி மட்டும் அவர் ஒரு முழு நூல் எழுதினார். 1975இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. ஒரே ஒரு தேர்தலுக்கு ஒரு நூல்! அந்த நாளில் நம் ஊர்களில் தேர்தல் என்றால் கூட்டம், கோஷம், ஊர்வலம், முடிந்தால் வெடி. மறுநாள் எல்லோரும் வயலுக்கும் கடலுக்கும் போய்விடுவார்கள். அந்த ஆரவாரம் அடங்கியபின் உட்கார்ந்து, கட்சிகள் எப்படிக் கூட்டுச் சேர்ந்தன, பரப்புரை எப்படி நடந்தது, முடிவு எதைச் சொல்கிறது என்று ஆற அமர எழுதுவது அரிய பழக்கமாக இருந்தது.

ஏன் 1970? அந்தத் தேர்தலின் எண்களைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 38 சதவீத வாக்குகள். சிறீமாவோ பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 37 சதவீதம். வாக்கில் முந்தியது எது? ஐக்கிய தேசியக் கட்சி. ஆசனங்கள்? சுதந்திரக் கட்சிக்கு 91. ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெறும் 17. கூட்டணியாகச் சேர்த்தால் ஐக்கிய முன்னணிக்கு 151இல் 116. ஒரு சதவீத வாக்கு அதிகம் பெற்றவர்கள் எதிரணியில் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

இதை எப்படி விளங்கிக்கொள்வது? நாடு முழுவதற்குமான ஒரே தேர்தல் என்று ஒன்று கிடையாது என்பதுதான் அதற்கு விடை. தொகுதி தொகுதியாகத் தனித்தனித் தேர்தல்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மண், தனிக் கணக்கு, தனிக் காரணம். அவற்றைக் கூட்டி வரும் தொகையைத்தான் நாம் நாட்டின் தீர்ப்பு என்று சொல்கிறோம். தொகுதியைப் படிக்காமல் தீர்ப்பைப் படிக்க முடியாது.

கிழக்கில் அதே 1970இல் நடந்ததைக் கேளுங்கள். பட்டிருப்பில் தமிழரசுக் கட்சியின் தூணாக இருந்த எஸ்.எம். இராசமாணிக்கம் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் தம்பிராசா. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் வருவதற்கு வழியாக வகுக்கப்பட்ட தொகுதி அது. அந்த முறை செ. இராசதுரையும் சுயேச்சையாக நின்ற ராஜன் செல்வநாயகமும் வந்தார்கள். இரண்டு பேரும் தமிழர். முஸ்லிம்களுக்கு இடம் இல்லாமல் போனது. நல்ல நோக்கத்தோடு வகுத்த முறையும் வாக்காளரின் கையில் வேறு பலன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது நம் தொகுதிக்கு வருவோம். கல்குடா.

வாகரைப் பகுதியில் உள்ள கதிரவெளி மட்டக்களப்பு நகரிலிருந்து 70 கிலோமீற்றர் அளவில் வடக்கே இருக்கிறது. வெருகலாற்றைத் தாண்டினால் திருகோணமலை மாவட்டம். போருக்குப் பின் பாலங்கள் வரும்வரை இந்தக் கரையோரப் பயணத்தில் துறைகளில் காத்து நின்று மிதவைப் பாதை ஏற வேண்டியிருந்தது. மூத்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். வாழைச்சேனை, ஓட்டமாவடி என்ற பெரிய ஊர்களோடு ஒரே தொகுதியில் இந்தச் சிறிய கரையோர ஊர்களும், காட்டோரத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள் வாழும் குடியிருப்புகளும் இருக்கின்றன.

1947 தேர்தலுக்காகத் தொகுதிகளை வகுத்தபோது சோல்பரி யாப்பு ஒரு வழி வைத்திருந்தது. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம். அதோடு, ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் கூடுதல். ஏன் மைலுக்கு ஆசனம்? காட்டுக்கும் கடலுக்கும் இடையில் சிதறி வாழும் மக்கள் எண்ணிக்கையில் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக. வாகரை போன்ற பகுதிகளுக்காகவே எழுதிய விதி மாதிரி இருக்கிறது, இல்லையா?

அந்த ஏற்பாட்டின் கீழ் கல்குடாவுக்கென்று ஓர் எம்பி இருந்தார். 1965இல் கே.டபிள்யூ. தேவநாயகம். 1970இலும் அவரே. 1977இலும் அவரே. எந்தக் கட்சி? ஐக்கிய தேசியக் கட்சி.

1977 என்பதை மறக்காதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. தனிநாட்டுக்கு ஆணை கேட்டுத் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் நின்றது. வடக்கில் 14 தொகுதிகள், 14இலும் வெற்றி. கிழக்கில் நான்கு. மொத்தம் 18 ஆசனங்களோடு நாட்டின் பிரதான எதிர்க்கட்சியானது. அந்த அலை அடித்த ஆண்டில், கல்குடா என்ன செய்தது? ஐக்கிய தேசியக் கட்சியின் தமிழரைத் தேர்ந்தெடுத்தது. அவர் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் நீதி அமைச்சரானார்.

இதைக் காட்டி, கல்குடாத் தமிழருக்கு இன உணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் அது அவதூறு. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் தொகுதியில் வெற்றிக்கு இரண்டு பக்கத்து வாக்கும் வேண்டும். இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்ளும் ஒரு மனிதர் கிடைத்தால் அவர் நிலைப்பார். வயலுக்கு நீர், வீதி, பாடசாலை, வேலை என்ற கோரிக்கைகளோடு போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒருவரை ஊர் தேடும். இதை வாக்காளர் நன்கு யோசித்தே செய்தார்கள். அதே 1977இல் மட்டக்களப்பில் உதயசூரியனில் இராசதுரையும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தனும் மோதியதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே கொள்கையின் இரண்டு சின்னங்கள் ஒரே தொகுதியில்! இராசதுரை வென்றார். இரண்டாண்டுக்குள் அரசாங்கப் பக்கம் போனார். கிழக்கின் தேர்தலை வடக்கின் தேர்தலுக்குப் பின்னிணைப்பாக எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதைகள் எதுவும் விளங்காது.

பிறகு வந்தது 1978 யாப்பு. வில்சன் அதைப் பற்றியும் 1980இல் ஒரு நூல் எழுதினார். பிரான்சின் டி கோல் முறையோடு ஒப்பிட்டு ஜே.ஆரின் ஜனாதிபதி ஆட்சியை ஆராய்ந்த நூல் அது. இந்த யாப்பு தேர்தல் முறையையும் அடியோடு மாற்றியது. தொகுதி போய் மாவட்டம் வந்தது. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு மூன்றும் ஒரே தேர்தல் மாவட்டமாகி, இன்று ஐந்து ஆசனங்கள்.

உங்கள் வாக்குச் சீட்டை ஒருமுறை கையில் விரித்துப் பார்ப்போம். கட்சிக்கு நேரே ஒரு புள்ளடி. கீழே வரிசையாக இலக்கங்கள். அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு போடலாம். சாவடிக்குள் நிற்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு தேர்தல்கள் நடக்கின்றன. மேலே நடப்பது கட்சிகளுக்கு இடையிலான போட்டி. கீழே நடப்பது ஒரே கட்சிக்குள் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான போட்டி.

மேலே நடப்பதை முதலில் எடுப்போம். மாவட்டத்தில் அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி ஆசனங்கள்தான் விகிதப்படி. ஐந்து ஆசனம் உள்ள சிறு மாவட்டத்தில் அந்த ஒரு போனஸ் எவ்வளவு பெரியது! 2020 ஆகஸ்ட் 5ஆம் திகதித் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு 79,460 வாக்குகள், இரண்டு ஆசனங்கள். தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சிக்கு 67,692 வாக்குகள், ஓர் ஆசனம். இடைவெளி 12 ஆயிரத்துக்கும் குறைவு. ஆசனத்தில் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு. 2024இலும் தமிழரசு பெற்றது மூன்றில் ஒரு பங்கு வாக்கு. கிடைத்தது ஐந்தில் மூன்று ஆசனம். முழு நாட்டிலிருந்தும் தனித்து நின்ற மாவட்டம் என்று வரைபடத்தில் பார்த்தோமே, அந்த மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள். வரைபடத்தின் நிறம் இதைச் சொல்லாது.

கீழே நடப்பது இன்னும் முக்கியம், கதிரவெளிக்கு. அமெரிக்காவின் வி.ஓ. கீ என்ற அரசியல் அறிவியலாளர் 1949இல் அந்நாட்டுத் தென் மாநிலங்களின் அரசியலைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதினார். ஒரே கட்சி ஆதிக்கம் செலுத்தும் இடத்தில் வாக்காளர் எதை வைத்து ஆளைத் தெரிகிறார் என்று பார்த்தார். வேட்பாளரின் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் அவருக்கு வாக்கு குவிகிறது. தூரம் போகப் போகக் குறைகிறது. கட்சி ஒன்றாக இருந்தால் ஊர்தான் சின்னம். நம் விருப்பு வாக்கும் அப்படித்தான் ஓடுகிறது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையின் நெருக்கமான பெரிய ஊர்களில் பிறந்தவருக்கு அந்தக் குவியல் ஒரு படையாக நிற்கிறது. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்காரர் திணறுகிறார். கோறளைப்பற்று வடக்கின், அதாவது வாகரைப் பகுதியின், சிறிய ஊர்களிலிருந்து ஒருவர் நின்றால்? தன் ஊரின் முழு விருப்பு வாக்கையும் அள்ளினாலும், மாவட்டத்துக்குள் அது ஒரு மூலைதான். 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று ஒருகாலத்தில் இந்த ஊர்களின் விரிவுக்குக் கொடுத்த மதிப்பு இந்த முறையில் இல்லை. வேட்பாளருக்கு இந்த வீதி தூரம் கூடியது, வாக்குக் குறைந்தது. அவர் ஏன் வருவார்?

விகிதாசார முறை கெட்டது என்று இந்த உரை சொல்லவில்லை. 1970இல் நடந்த அநியாயம் திரும்பக் கூடாது. சிதறி வாழும் சிறுபான்மைக்கு விகிதாசாரம் பாதுகாப்பு. கிழக்கின் முஸ்லிம்கள் தங்கள் கட்சியோடு பாராளுமன்றம் போனதற்கும் அது துணை நின்றது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை யார் கட்டுகிறார்கள்? கதிரவெளி கட்டுகிறது.

மீண்டும் வில்சனுக்கு வருவோம். அவர் நூல்நிலையத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. ஜே.ஆருக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் தூது போனார். 1979இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஆராய ஜனாதிபதி அமைத்த ஆணைக்குழுவில் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வத்தோடு உறுப்பினராக இருந்தார். மாவட்டத்துக்குக் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தால் நாடு பிரியாமல் காப்பாற்றலாம் என்று அவர் நம்பினார். 1981 ஜூன் 4ஆம் திகதி அந்தச் சபைகளுக்குத் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஒரு தேர்தல் ஆய்வாளர் வடிவமைக்க உதவிய சபைக்கான தேர்தல், ஒரு நூலகத்தின் சாம்பல் மேல் நடந்தது. 1988இல் வில்சன் எழுதிய நூலுக்கு இலங்கை பிளவுபட்டுவிட்டது என்றே தலைப்பு வைத்தார். நீலன் 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. இரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்டார். இந்த நாட்டில் அறிவுத்துறைக்காரருக்கு என்ன விலை வைக்கப்பட்டது என்பதற்கு இந்தப் பெயர்கள் போதும்.

போர்க்காலத்தில் வாக்கு என்ன ஆனது? இதை வாகரை மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

2001 டிசம்பர் 5ஆம் திகதி, வாக்களிப்பு நாள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வரும் வழிகளை இராணுவம் மூடியது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தும் மக்கள் சாவடிக்குப் போக முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. 2004 ஏப்ரல் 2ஆம் திகதித் தேர்தலில் கொத்தணி வாக்குச் சாவடிகள் வந்தன. அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து வாக்களிக்க வேண்டும். அந்த முறை தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு ஆசனங்கள். வரலாற்று ஆய்வாளர் க. தங்கேஸ்வரி எம்பியானதும் அப்போதுதான். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்திருந்தார். வாக்கு எண்ணி ஒரு வாரம். ஏப்ரல் 9, பெரிய வெள்ளி. வெருகல் கரையில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளைச் சுட்டார்கள். கிழக்குக்கு வடக்கு அநீதி செய்கிறது என்ற பழைய மனக்குறை, வாக்குச் சீட்டில் பேசப்பட வேண்டிய விடயம், துப்பாக்கியால் பேசப்பட்டது.

2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் கட்டளைப்படி புறக்கணிப்பு. யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. மட்டக்களப்பில் ஏறத்தாழ பாதிப்பேர் வாக்களித்தார்கள். ஒரே கட்டளை, இரண்டு பிரதேசங்கள், இரண்டு விளைவுகள். மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால் ஜனாதிபதியானார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 8. அந்த நாளைக் கதிரவெளிக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் எறிகணைகள் விழுந்தன. 40 பேருக்கும் மேல் போனார்கள். இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி, கூரை போட்டு, பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய காலத்தில், 2008 மார்ச் 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். மே 10ஆம் திகதி கிழக்கு மாகாண சபைத் தேர்தல். ஆயுதம் கீழே வைக்கப்படாத நிலையில் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி வாக்குக் கேட்டது. அதன் தலைவர் சிவநேசதுரை சந்திரகாந்தன், கிழக்கின் முதல் முதலமைச்சரானார். அந்தத் தேர்தலின் எண்களை மற்றத் தேர்தல்களின் எண்களோடு ஒரே பட்டியலில் போடலாமா? போடக் கூடாது. பயத்தோடு போட்ட புள்ளடியும் பயமின்றிப் போட்ட புள்ளடியும் தாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதைப் பிரித்தறிய ஊருக்குள் வந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பார்ட் கிளெம் போருக்குப் பிந்திய திருகோணமலைத் தேர்தல்களைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லா உட்பட ஒரு குழு, சோதனைச் சாவடிக்கும் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் கிழக்கு மக்கள் நடத்தும் வாழ்க்கையை 2014இல் நூலாகத் தந்தது. நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். ஆனால் வெருகலின் அந்தக் கரை வரைக்கும் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும்போது இந்தக் கரையின் தேர்தல்களுக்கு அப்படியோர் ஆய்வு எப்போது?

எழுதுவதற்கு விடயம் இல்லையா? இருக்கிறது. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலையும் 2020 ஆகஸ்ட் தேர்தலையும் அருகருகே வையுங்கள். 2019இல் இந்த மாவட்டத்தில் சஜித்துக்கு 78 சதவீதத்துக்கும் மேல். கோட்டாபய ராஜபக்சவுக்கு 13 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்பதே மாதம். சிறையில் இருந்தபடி போட்டியிட்ட சந்திரகாந்தன் 54 ஆயிரம் விருப்பு வாக்குகளோடு வென்றார். மொட்டுச் சின்னத்தில் வியாழேந்திரன் வென்றார். கோட்டாபய பக்கம் நின்ற இந்த இரண்டு பட்டியல்களும் சேர்ந்து 1 லட்சம் வாக்குகளைத் தாண்டின. அதே மக்கள்தானே? ஒன்பது மாதத்தில் மனம் மாறிவிட்டதா?

இரண்டு தேர்தல்களில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன என்பதுதான் சரியான வாசிப்பு என்று படுகிறது. ஜனாதிபதித் தேர்தலில் யார் நம்மை ஆளக்கூடாது என்று மக்கள் சொன்னார்கள். பாராளுமன்றத் தேர்தலில் நம் வேலையை யார் முடித்துத் தருவார் என்று தேடினார்கள். உரிமையா, அபிவிருத்தியா என்று மேடைகளில் கேட்டார்களே, வாக்காளர் ஒன்றைப் பிடித்து மற்றதை விடவில்லை. ஒரு சீட்டில் இதையும் மறு சீட்டில் அதையும் கேட்டார்கள். 2020க்குப் பிறகு வந்த அமைச்சுப் பதவிகளால் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 2022இல் எரிபொருளுக்கும் உரத்துக்கும் அலைந்தோம். 2024இல் அந்த வாக்குகள் இடம் மாறின. 1970இல் பட்டிருப்பில் தோற்ற இராசமாணிக்கத்தின் பேரன் சாணக்கியன் மாவட்டத்தில் முன்னணியில் வந்தார். செப்டம்பரும் நவம்பரும் முரண்பட்டதாக முதலில் தோன்றியதே, அதுவும் இதே பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இதைக் கதிரவெளி மட்டத்தில் உறுதிப்படுத்த முடியுமா? பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல் முடிவுகள் கல்குடா என்ற அளவில்தான் அறிவிக்கப்படுகின்றன. ஊர் வாரியாக வருவதில்லை. ஆய்வாளருக்கு அது குறை. ஆனால் இந்த மண்ணில் அது ஒரு பாதுகாப்பு. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று வென்றவரோ ஆயுதம் வைத்திருந்தவரோ அறிந்திருந்தால், இங்கே எத்தனை ஊர்கள் பழி சுமந்திருக்கும்! அந்த மறைப்பு அப்படியே இருக்கட்டும். ஊர் மட்டத்தைப் படிக்க வேறு வழி இருக்கிறது. 2018 பெப்ரவரியிலிருந்து உள்ளூராட்சித் தேர்தல் வட்டார முறைக்கு வந்துவிட்டது. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் விகிதாசாரம், பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு. வட்டார முடிவு வெளியே வருகிறது. இங்குள்ள உயர்தர மாணவர்கள், பல்கலைக்கழகம் போன பிள்ளைகள், 2018ஐயும் 2025ஐயும் வட்டாரம் வட்டாரமாக ஒப்பிட்டு எழுதலாம். எத்தனை பெண்கள் வந்தார்கள், சபையில் எதைப் பேசினார்கள், இல்மனைட் அகழ்வுக்கு எதிராக இந்தக் கரையில் எழுந்த குரல் சபையின் கூட்டக் குறிப்பில் பதிந்ததா என்று தேடலாம். மூத்தவர்களிடம் தேவநாயகத்தின் காலத்து நினைவுகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். அந்தத் தலைமுறை இப்போது எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறது, தள்ளிப்போட நேரமில்லை.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைகள் கணக்கெடுக்க வேண்டும். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8ஆம் திகதி. அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய தொகுதி எல்லைகள் பற்றிய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறைக்கும் திரும்பவில்லை, புதிய முறையும் வரவில்லை. சபை இல்லாமல் ஆளுநர் வழியாக மாகாணம் நடக்கிறது. 2012க்குப் பிறகு 18 வயதைத் தொட்ட எவரும், கதிரவெளியில் மட்டுமல்ல, கிழக்கு முழுவதும், தங்கள் மாகாண சபைக்கு ஒரு புள்ளடிகூடப் போட்டதில்லை. அவர்களில் மூத்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து எந்தத் தேர்தலுக்கு எந்த வேட்பாளர் இந்த வீதியில் வந்தாலும், எந்தக் கட்சிக்காரரானாலும், அந்தத் தேர்தல் எப்போது, எந்த முறையில், வாகரைக்கு அதில் தனித் தொகுதி உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் திகதியோடு எழுதி வையுங்கள்.